ஒருதரம் கேட்ட தேத்தண்ணி

கல்யாண மண்டபத்தில் வேலை பார்ப்பவனுக்கு, கோபமாக வருகிற விருந்தாளியைவிட மரியாதையாக வருகிற விருந்தாளியைக் கண்டால்தான் பயம். கோபக்காரர் ஃபேனைப் போடச் சொல்லுவார், போட்டால் அடங்கிவிடுவார். மரியாதைக்காரர் என்ன கேட்க வருகிறார் என்பது கடைசிவரை தெரியாது.

கண்டியிலிருந்து கட்டுகஸ்தோட்டைக்குப் போகிற வழியில் ஒரு மண்டபத்தில் நான் மேற்பார்வையாளர். எங்கள் மலைநாட்டுத் தமிழ் ஆட்களின் கல்யாணம், முஸ்லிம் கல்யாணம், சிங்களக் கல்யாணம் எல்லாம் அங்கே நடக்கும். யாருடைய கல்யாணமாக இருந்தாலும் வாசலில் நிற்பவன் இந்தப் பாலுதான். வருகிறவர்களை வரவேற்பது என் வேலை என்று முதலாளி சொல்லுவார். உண்மையில் வருகிறவர்களைச் சந்தேகப்படுவதுதான் என் வேலை. ரிசெப்ஷன் மேசைக்குப் பின்னாலோ கடைக் கல்லாவடியிலோ நின்று, பல்லைக் காட்டிப் பிழைக்கிற எல்லோருக்கும் நான் சொல்வது விளங்கும். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும். இதெல்லாம் நடந்த சமயத்தில் என் மகள் தர்ஷினிக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தோம். ஊரார் கல்யாணங்களில் மரியாதை பார்த்துப் பார்த்துப் பழகியவன், சொந்த வீட்டில் கோட்டை விடப் பார்த்த கதையும் இதற்குள்ளேயே வருகிறது.

சாம்பல் கோட்டு

"எந்தப் பக்கம்?" என்ற கேள்விதான் எங்கள் தொழிலுக்கு ஆதாரம். மாப்பிள்ளை பக்கமா, பெண் பக்கமா? அழைப்பில்லாமல் சாப்பிட வருகிறவர் இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் தடுமாறுவார். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாம்பல் நிறக் கோட்டுப் போட்ட ஒருவர் தடுமாறவே இல்லை, ஏனென்றால் வாசலில் நான் அவரிடம் கேட்கவே இல்லை. எனக்கு முன்னாலேயே வந்து வாசலில் நின்றுகொண்டு, உள்ளே வருகிற ஒவ்வொருவரிடமும் "வாங்க வாங்க, பயணமெல்லாம் எப்படி? புள்ளைகள கூட்டிட்டு வரலியா?" என்று விசாரித்துக்கொண்டிருந்தார். வயசானவர்களுக்குக் கதிரை இழுத்துப் போட்டார். பெண்ணின் தாயார் கண் கலங்கியபோது ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தார். பெண் வீட்டார் அவரை மாப்பிள்ளை பக்கம் என்று நினைத்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் பெண் பக்கம் என்று நினைத்தார்கள்.

பந்தியில்தான் அகப்பட்டார். கோழிக்கறி வைத்த வெயிட்டரின் முகத்தைப் பார்த்து "நன்றி தம்பி" என்றார். சொந்தக்காரர் யாரும் வெயிட்டருக்கு நன்றி சொல்லி நான் கண்டதில்லை. பக்கத்தில் போய்க் குனிந்து மெதுவாக "எந்தப் பக்கங்க?" என்று கேட்டேன். அவர் அவசரப்படாமல் சாப்பிட்டு முடித்தார், கை கழுவினார், என்னோடு வாசல்வரை நடந்து வந்தார். அங்கே நின்று திரும்பிப் பார்த்தார். இரண்டு வீட்டுக்காரர்களும் பூ வளைவுக்குக் கீழே போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். வந்தவர்கள் பக்கம் ஒருவரும் திரும்பவில்லை. கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டே அவர் சொன்னார்: "நான் வரலைன்னா இன்னைக்கி இந்த மண்டபத்துல ஒருத்தருகூட ஒருத்தர வாங்கன்னு கேட்டிருக்க மாட்டாங்க."

சிரிப்புப் பயிற்சி

இதை எப்படியோ கேள்விப்பட்ட முதலாளி, வரவேற்கத் தெரியாதது எங்கள் குற்றம் என்று முடிவு செய்து கொழும்பிலிருந்து ஒரு பயிற்சியாளரை வரவழைத்தார். யாழ்ப்பாணத்துப் பெண்மணி. பெரிய ஹோட்டல்களில் எல்லாம் வேலை செய்தவராம். வெயிட்டர்மாரை வரிசையில் நிறுத்திச் சிரிக்க வைத்தார். பிறகு விருந்தாளியை வற்புறுத்துவது பட்டிக்காட்டுப் பழக்கம் என்று விளக்கினார். "ஒருக்காக் கேளுங்கோ. வேண்டாமெண்டால் சிரியுங்கோ. சிரிச்சுப்போட்டு விலகுங்கோ. அவ்வளவுதான்." எனக்கு அந்த அம்மாவின் மேலேயே சந்தேகம் வந்தது. இவ்வளவு சுலபமாக இருந்தால் நாங்கள் ஏன் இத்தனை வருஷம் தொண்டை கட்டக் கட்ட உபசரித்தோம்?

வீட்டில் இதை நக்கலாகச் சொன்னேன். என் மனைவி சரோஜா சிரித்தாள். தர்ஷினி சிரிக்கவில்லை. அவள் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ரிசெப்ஷனில் வேலை செய்கிறாள். "சரிதானேப்பா. ஒருத்தரு வேணாம்னு சொன்னா அத நம்புறதுதானே மரியாத?" என்றாள். நான் சோற்றைப் பிசைந்தேன்.

அடுத்த கல்யாணத்தில் வெயிட்டர்மார் எல்லோரும் ஒரே மாதிரி சிரித்தபடி தட்டங்களோடு இறங்கினார்கள். கூட்டத்தில் பேச்சு அடங்கிவிட்டது. ஆட்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். முன் மேசையில் இருந்த ஒரு பெரிய மனிதர் என்னைக் கைகாட்டி அழைத்துக் காதோடு கேட்டார்: "என்ன தம்பி, எல்லாரும் சிரிக்கிறீங்க, எறச்சி முடிஞ்சிருச்சா?"

ஆறு பேர், ஒரு சஹன்

முஸ்லிம் கல்யாணங்களில் சஹன் என்று பெரிய தட்டத்தில் சோறு வைத்து, ஆறு பேர் சுற்றி உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடுவார்கள். அதில் கூச்சத்துக்கே இடமில்லை. எங்கள் தலைமைச் சமையல்காரர் நஸீர் நானா தெல்தெனியக்காரர். அவர் கைச் சோற்றுக்கு முன்னால் யாரும் தயங்கி நான் கண்டதில்லை, அன்றைக்குத் தவிர.

அன்றைக்கு ஒரு சஹனில் ஒரே அலுவலகத்து ஆட்கள் ஆறு பேர் மாட்டிக்கொண்டார்கள். மேலதிகாரி கை வைக்காமல் மற்றவர்கள் வைக்க மாட்டார்கள். அவரோ புது மாதிரி மனிதர். தன் ஆட்கள் முதலில் தொடங்கட்டும் என்கிறார். "நீங்க தொடங்குங்க சேர்." "இல்லையில்ல, நீங்க." நடுவில் முழுக் கோழி ஆறிக்கொண்டிருந்தது. யார் கை எந்தத் துண்டுக்குப் போகிறது என்று ஒருவரை ஒருவர் ஓரக்கண்ணால் காவல் காத்தார்கள். சமையலறைக் கதவு இடுக்கால் பார்த்துக்கொண்டிருந்த நஸீர் நானா என் தோளைத் தட்டினார்: "என்ன பாலு, ஆறு பேரும் சோத்த உட்டுட்டு ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கொண்டு ஈக்கிறாங்க, நான் அதுல ஏதும் போட்டுட்டேன்னு நெனக்கிறாங்களா?"

ஹந்தானை வேன்

ஒருக்காக் கேட்டு விலகுகிற முறை எங்களுக்கு வைத்த ஆப்பு இனித்தான் வருகிறது. எங்கள் மலைநாட்டு ஆட்களுக்கு முதல் "வேணாம்" என்பது ஒரு கும்பிடு மாதிரி. வயிறு காய்ந்தாலும் முதலில் வேணாம் என்றுதான் சொல்லுவோம். இரண்டாம் தரம் கேட்டால் "இப்பதான் சாப்பிட்டோம்" என்போம். மூன்றாம் தரம் கையைப் பிடித்து உட்கார வைத்தால் "சரி, கொஞ்சமா வைங்க" என்போம். கேட்டவுடன் சரி என்றால் சோற்றுக்கு அலைந்து வந்ததாக ஆகிவிடும். இது எனக்குத் தெரியும். எங்கள் வெயிட்டர்மாருக்கும் தெரியும். ஆனால் பயிற்சி பயிற்சிதானே.

ஹந்தானைத் தோட்டத்திலிருந்து ஒரு வேன் நிறையப் பெண் வீட்டுச் சொந்தக்காரர்கள் வந்திருந்தார்கள். விடிய முன் எழும்பி வெறும் வயிற்றோடு வந்தவர்கள். வெயிட்டர் போய் "சாப்பிடுறீங்களா?" என்றான். "வேணாங்க" என்றார்கள். அவன் சிரித்தான். சிரித்துவிட்டு விலகினான். அவர்கள் திகைத்துப் போய் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். தாலி கட்டி, போட்டோ எடுத்து, மண்டபம் காலியாகும்போது வீதிக்கு எதிரே இருந்த தேநீர்க் கடையில் அத்தனை பேரும் பணிஸ் ரொட்டி கடித்துக்கொண்டு நிற்பதைக் கண்டேன். எனக்கு உயிரே போய்விட்டது. ஓடிப்போய்க் கும்பிட்டு, திரும்ப வரச் சொல்லிக் கெஞ்சினேன். அவர்களுக்குள் மூத்தவர் பணிஸைக் கீழே வைக்காமலே சொன்னார்: "கல்யாண வீட்டுல சோத்தக் கேட்டு வாங்கித் திங்கிற அளவுக்கு நாங்க இன்னும் போகலைங்க."

கடுகண்ணாவையிலிருந்து வந்தவர்கள்

இவ்வளவையும் பார்த்தவன் சொந்த வீட்டில் உஷாராக இருந்திருப்பான் என்றுதானே நினைக்கிறீர்கள்?

கடுகண்ணாவையில் டயர்க் கடை வைத்திருக்கிற ஒரு குடும்பம் தர்ஷினியைப் பெண் பார்க்க வந்தது. பையன் பெயர் விமல். தகப்பன் இல்லை, தாயும் தாய்மாமனும்தான் வளர்த்து ஆளாக்கியிருந்தார்கள். அன்றைக்குத் தாயும் மகனும் மட்டும் வந்தார்கள். மாமன் சரக்கு எடுக்கக் கொழும்புக்குப் போயிருந்தார். பேச்சு நன்றாகப் போனது. பையன் தர்ஷினியைப் பார்த்தான், தர்ஷினியும் பையனை நேராகப் பார்த்தாள். சரோஜா வடை, கேசரி எல்லாம் செய்து உள்ளே அடுக்கி வைத்திருந்தாள். தேத்தண்ணி கொண்டுவருவது பெண்ணின் வேலை என்பதால் நாங்கள் இரண்டு பேரும் சாப்பாட்டுப் பேச்சை எடுக்கவில்லை.

தர்ஷினி வந்தாள். "தேத்தண்ணி குடிக்கிறீங்களா?" என்று கேட்டாள். அந்த அம்மா முறைப்படி "வேணாம்மா" என்றார். மகனும் தாயைப் பார்த்துவிட்டு "வேணாங்க" என்றான். தர்ஷினி அழகாகச் சிரித்தாள். சிரித்துவிட்டுக் கதிரையில் உட்கார்ந்துகொண்டாள்.

சரோஜா என் காலை மிதித்தாள். தர்ஷினி கேட்டு முடித்த பிறகு நாங்கள் கேட்டால் அவளுக்கு வளர்ப்புச் சரியில்லை என்று நாங்களே காட்டிக் கொடுத்ததாக ஆகும். கேட்காவிட்டால் எங்களுக்கே வளர்ப்புச் சரியில்லை. இப்படி நாங்கள் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அவர்கள் எழுந்துவிட்டார்கள். எங்கள் ஆட்களிடம் பெண் பார்க்க வந்தவர்கள் வாயை நனைக்காமல் போனால் அது பிடிக்கவில்லை என்பதற்கு அடையாளம். அவர்களுக்குப் பெண்ணைப் பிடிக்கவில்லை என்று சரோஜா அழுதாள். எனக்கு அதிலும் சந்தேகம், எங்களுக்குத்தான் பையனைப் பிடிக்கவில்லை என்று அவர்கள் நினைத்திருப்பார்களோ என்று. தர்ஷினியிடம் கேட்டோம். "எனக்குப் புடிச்சிருக்கு" என்றாள். நாங்கள் அதையும் நம்பவில்லை. பிடித்திருந்தால் தேத்தண்ணி கொடுத்திருக்க மாட்டாளா? அவள் முகம் மட்டும் நாளுக்கு நாள் வாடியது. அதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. கடுகண்ணாவையிலிருந்து ஒரு தகவலும் இல்லை. நாங்களாகப் பேசினால் பெண்ணைத் தள்ளிவிட அலைகிறோம் என்பார்கள் என்று நாங்களும் பேசவில்லை.

சமையலறையில் நஸீர் நானாவிடம் இதைச் சொன்னேன். அவர் அகப்பையை நிறுத்தவே இல்லை: "மண்டபத்துப் பழக்கத்த ஊட்டுக்குக் கொண்டு போனா இப்பிடித்தான் பாலு, நானெல்லாம் ஊட்டுல அடுப்படிப் பக்கமே போறல்ல."

சுவரோரம் நின்றவர்

அதற்குப் பிறகு வந்த ஒரு கல்யாணத்தில் வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவரைக் கண்டேன். கூட்டத்தோடு சேராமல் சுவரோரம் நின்று, மேடையைப் பார்க்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் போனேன்.

"எந்தப் பக்கங்க?"

"பொதுவா தெரிஞ்சவங்க."

பொதுவாகத் தெரிந்தவர் என்றால் அழைப்பில்லாதவர் என்று அர்த்தம். ஆனால் அழைப்பில்லாதவர் சாப்பாட்டுப் பக்கம் நகர்ந்துகொண்டே இருப்பார், இவர் நகரவில்லை. வெயிட்டர் வந்து கேட்டபோது "வேணாம்" என்றார். வெயிட்டர் சிரித்து விலகினான். எனக்குப் பொறி தட்டியது. பேராதனை வீதியில் புதிதாக ஒரு மண்டபம் திறந்திருந்தார்கள். இவர் அங்கேயிருந்து எங்கள் சமையலையும் வேலையாட்களையும் நோட்டம் பார்க்க வந்த ஆளாகத்தான் இருக்க வேண்டும். சமையலறைக்குப் போக விடக் கூடாது. அதற்கு ஒரே வழி, ஆளை ஒரு கதிரையில் உட்கார வைத்து வாயில் சோற்றைத் திணிப்பதுதான்.

"சாப்பிட்டுட்டுப் போங்க," என்றேன்.

"வேணாங்க, இப்பதான் சாப்பிட்டு வந்தேன்."

"அதெப்படிங்க, கல்யாண வீட்டுக்கு வந்துட்டு வெறும் வயித்தோட போறதா?" தோளைப் பிடித்து அழுத்தினேன். உட்கார்ந்துவிட்டார்.

"இல்லைங்க, பரவாயில்ல..."

"நீங்க பேசாம இருங்க," என்று நானே தட்டை எடுத்து, சோறு போட்டு, கறி ஊற்றி முன்னால் வைத்தேன். பக்கத்திலேயே காவலும் இருந்தேன். மனிதர் நல்ல பசி. இரண்டாம் தரமும் வாங்கிச் சாப்பிட்டார். கை கழுவி, லேஞ்சியால் துடைத்துக்கொண்டு, என் முகத்தைப் பார்த்தார்.

"நீங்கதானே தர்ஷினியோட அப்பா? நான் விமலோட மாமா."

பெண் கொடுக்கிற மனிதன் வெளியில் எப்படி நடந்துகொள்கிறான் என்று சொல்லாமல் வந்து பார்ப்பதும் எங்கள் ஆட்களின் பழக்கம்தான். அவர் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"யாருன்னே தெரியாத எனக்கு விடாம மூணு தரம் கேட்டு சோறு போடுறீங்க. எங்க அக்காவ மட்டும் ஒரு வாய்த் தேத்தண்ணி குடுக்காம அனுப்பிட்டீங்க. அப்ப அது வேணும்னே செஞ்சதுதானே?"

உங்களை வேவுக்காரர் என்று நினைத்துத்தான் உபசரித்தேன் என்று எப்படிச் சொல்வது? வேறு வழி தெரியவில்லை. அதையும் சொன்னேன். வடை கேசரி உள்ளே ஆறிப்போனதைச் சொன்னேன். சரோஜா அழுததைச் சொன்னேன். "அக்கா வேணாம்னு சொன்னாங்க. எங்க புள்ள அத நம்பிருச்சு. அதுக்கு அவ்வளவுதாங்க தெரியும்," என்றேன்.

அவர் என்னை நம்பினாரா என்று தெரியவில்லை.

"புள்ளைக்கு எங்க பையனப் புடிச்சிருக்கா, இல்லையா? அத யாராச்சும் கேட்டீங்களா?"

"ஒருதரம் கேட்டோம். புடிச்சிருக்குன்னு சொன்னுச்சு. நாங்கதான் நம்பல."

அவர் லேஞ்சியை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்: "எங்க வீட்டுலயும் பையன் புடிச்சிருக்குன்னுதான் சொல்றான், அம்மா மனசு நோகக் கூடாதுன்னு சொல்றான்னு நெனச்சு நாங்களும் நம்பல."

இரண்டாம் தரம்

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர்கள் மூன்று பேரும் வந்தார்கள். இந்த முறை கேட்காமலே கொண்டுவந்து வைத்துவிடு என்று சரோஜா தர்ஷினியிடம் கெஞ்சிப் பார்த்தாள். "கேக்காம எப்படிம்மா ஒருத்தருக்குக் குடுக்கிறது?" என்று அவள் உள்ளே போய்விட்டாள். யாருக்குப் பிறந்த பிடிவாதம் இது என்று நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

அவள் வந்து நின்றாள். அதே கேள்வி, அதே ஒருதரம்: "தேத்தண்ணி குடிக்கிறீங்களா?"

பையனின் தாயார் என்ன செய்வது என்று தெரியாமல் தம்பியைப் பார்த்தார். பழக்கம் யாரை விட்டது, அவருடைய தலை தானாகவே இல்லை என்று ஆடத் தொடங்கிவிட்டது. சரோஜா சேலைத் தலைப்பைக் கடித்துக்கொண்டாள். நான் எழுந்து மண்டபத்து முறையில் தோளைப் பிடித்து அழுத்தலாமா என்று பார்த்தேன். அப்போது விமல் நிமிர்ந்து உட்கார்ந்து, தர்ஷினியைப் பார்த்துச் சொன்னான்: "எனக்கு வேணும், அம்மாவுக்கும் வேணும், மாமா வேணாம்னுதான் சொல்லுவாரு, அவருக்கும் ஊத்துங்க."

கல்யாணம் எங்கள் மண்டபத்தில்தான் நடக்கப்போகிறது, அன்றைக்கு நான் மேடையில் நிற்க வேண்டும் என்பதால் வாசலில் நின்று எல்லோரையும் வாங்க என்று கேட்க ஆள் இல்லை. சாம்பல் கோட்டுக்காரருக்கு அழைப்பிதழ் வைக்கலாம் என்றால் விலாசம் தெரியவில்லை, ஆனால் எப்படியும் வந்துவிடுவார் என்ற நம்பிக்கை இருக்கிறது, மனிதர்கள்மேல் எனக்கு மிஞ்சியிருக்கிற நம்பிக்கை அது ஒன்றுதான்.